செத்தது பாதி, மீதி எங்கே?

துப்பறிவாளர் கிருஷ்ணசாமிக்கு அறுபத்திரண்டு வயது. முழங்கால்களுக்கு மட்டும் தொண்ணூறு. அவர் உட்காரும்போது அவை எழுப்பும் சத்தத்தைக் கேட்டு, போன வருஷம் பீரோவுக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஒரு சைக்கிள் திருடன், துப்பாக்கி என்று நினைத்துக் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டான். அந்த வழக்கு அப்படித்தான் முடிந்தது. பத்திரிகையில் வேறு மாதிரி எழுதினார்கள்.

அன்று காலை ஒன்பது மணிக்கு, செட்டித் தெருவில் ரொட்டிக் கடைக்கு மேலே இருந்த தன் அலுவலகத்தில், உட்காரலாமா வேண்டாமா என்று அவர் யோசித்தபடி நின்றுகொண்டிருந்தார். புரட்டாசி மாதம். முந்தாநாள் பெய்த மழை ஊரின் வாய்க்கால்களை எல்லாம் கழுவி ஆற்றில் விட்டுவிட்டு, மேகத்தை மட்டும் மூடி போல மேலே வைத்துவிட்டுப் போயிருந்தது. வெயிலும் இல்லை, காற்றும் இல்லை. மின்விசிறி ரிட்டையர் ஆகப் போகிற குமாஸ்தா மாதிரி சுற்றியது.

“சார், ஒரு கேசு வந்திருக்கு” என்றாள் உதவியாளர் சொர்ணம்.

“உட்கார வை.”

“அவங்க உக்காந்து அஞ்சு நிமிஷம் ஆவுது. நீங்கதான் இன்னும் நிக்கறீங்க.”

சொர்ணம் கனகசெட்டிக்குளத்துக்காரி. மீன்பிடி வீட்டில் பிறந்து, நாற்பத்தைந்து வயதில் துப்பறிய வந்தவள். அவளுடைய ஸ்கூட்டியில் ஹாரன் வேலை செய்யாது. தேவையும் இல்லை. அவள் ஒரு தடவை “ஓரம்!” என்று கத்தியதில், நின்றுகொண்டிருந்த லாரி ஒன்று டிரைவர் இல்லாமலே பத்தடி நகர்ந்ததாகப் பெரிய மார்க்கெட்டில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள்.

வந்திருந்தவள் அஞ்சலாட்சி. ஐம்பது வயது இருக்கும். அழுது முடித்துவிட்டு, கோபத்தை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள்.

“ஊரு தேங்காய்த்திட்டு சார். மீன் விக்கற பொம்பளைங்க பன்னெண்டு பேரு சேந்து ஆத்துல கூண்டு போட்டுக் கொடுவா மீனு வளத்தோம். நான்தான் தலைவி. பத்து நாளு போனா புடிச்சு வித்திருப்போம். இன்னைக்கு விடியக்காத்தால போய்ப் பாத்தா, எல்லாம் வயித்த மேல காட்டிட்டுக் கெடக்கு. விஷம் சார். ஆதிமூலம்தான் வெச்சது.”

“வெச்சதைப் பாத்தீங்களா?”

“ஆறு மணிக்கு அந்தாளு எங்க கூண்டுகிட்ட இருந்து படகைத் தள்ளிட்டுப் போனதை இந்தக் கண்ணால பாத்தேன். கூப்புட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல. அவரு காலங்காலமா வலை கட்டற எடத்துல கூண்டு போட்டுட்டோம்னு ஆறு மாசமா எங்க மேல காய்ச்சல்.”

“அவர் என்ன சொல்றார்?”

“வாயே தொறக்கல. சாயங்காலம் நாலு மணிக்கு ஊர்ப் பஞ்சாயத்து. நீங்க வந்து, விஷம் வெச்சது அவருதான்னு ஆதாரத்தோட சொல்லணும். சொல்லிட்டா, சாவற வரைக்கும் அவரை ஆத்துல எறங்க வுட மாட்டாங்க.”

ஆற்றைத் தவிர வேறு எதிலும் இறங்கத் தெரியாத ஒரு மனிதனுக்கு அது என்ன தண்டனை என்று கிருஷ்ணசாமிக்குத் தெரியும். அவர் மெல்ல உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் வெடித்தன. அஞ்சலாட்சி திடுக்கிட்டு ஜன்னலைப் பார்த்தாள்.

“எல்லா மீனும் செத்துடுச்சா?”

“பாதி செத்துக் கெடக்கு. மீதிய அந்தாளு திருடிட்டான்.”

“விஷம் வெச்ச மீனைத் திருடி என்ன பண்ணுவார்?”

“புடிக்காத சம்பந்தி வூட்டுக்கு அனுப்புவாரு” என்றாள் சொர்ணம்.

கிருஷ்ணசாமி சிரிக்கவில்லை. சிரிக்கவும் தெம்பு வேண்டும். “செத்த மீனைப் பத்திக் கவலை இல்ல. அது எங்கயும் போகாது” என்றார். “எனக்கு அந்த மீதிப் பாதி வேணும். வண்டிய எடு.”

*

ஆறு பச்சையாக இருந்தது. இலைப் பச்சை இல்லை, கிளிப் பச்சை இல்லை. கையை விட்டு எடுத்தால் யாரோ பெயின்ட் அடித்துவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகிற பச்சை. முகத்துவாரத்தில் மணல் மூடி, கடல் வந்துபோக ஒரு சந்து மட்டும் மிச்சமிருந்தது. அலையாத்திச் செடிகளின் வேரில் ஊர்க் குப்பையெல்லாம் மாட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போக மனமில்லாத விருந்தாளி போல ஆடிக்கொண்டிருந்தது.

ஆற்றின் நடுவே, நீல டிரம்களின் மேல் மிதக்கும் இரும்புச் சட்டத்தில் ஒரு பெரிய வலைப் பை தண்ணீருக்குள் தொங்கியது. அதுதான் கூண்டு. மேலே மூடிக்கும் வலை. அதில் ஒரு பூட்டு. உள்ளே செத்த கொடுவாக்கள், ஒவ்வொன்றும் முழங்கை நீளம், வாயைத் திறந்தபடி.

கிருஷ்ணசாமி படகில் உட்கார்ந்து காக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூடிவலை மேல் ஏழெட்டுக் காக்கைகள் இருந்தன. கண்ணி வழியாக மூக்கை விட்டுச் செத்த மீனைக் கொத்திக்கொண்டிருந்தன.

“காக்கா எப்ப வந்துச்சு?”

“விடியும்போதே வந்துடுச்சு சார்” என்றாள் அஞ்சலாட்சி.

“நாலு மணி நேரமாத் தின்னுது. தின்னுட்டுச் சண்டையும் போடுது. விஷம் தின்ன காக்காவுக்கு இவ்வளோ குரல் இருக்காது.”

அப்போது கூண்டுக்கு வெளியே ஒரு மடவை மீன் துள்ளி விழுந்தது. அதற்கப்பால் இன்னொன்று.

“பாத்தியா சொர்ணம்? தண்ணியில விஷம் கலந்தா அதுக்குக் கூண்டுன்னும் ஆறுன்னும் தெரியாது. வெளியில இருந்ததும் செத்திருக்கணும். வெளியில இருந்தது ஓடிப்போச்சு, இப்ப திரும்பி வந்திருக்கு. உள்ள இருந்தது ஓட முடியல.”

“எதைப் பாத்து ஓடுச்சு?”

“அந்த நங்கூரக் கயித்தை இழு. நான் இழுத்தா நானும் உள்ள போயிடுவேன்.”

சொர்ணம் இழுத்தாள். கயிற்றின் அடியில் கட்டியிருந்த கல், கன்னங்கரேலென்ற சேற்றோடு மேலே வந்தது. அடுத்த நொடி மூன்று பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். காக்கைகளே கொஞ்ச தூரம் தள்ளிப் போய் உட்கார்ந்தன.

“கோழியே இல்லாத எடத்துல கூமுட்டை நாத்தம்” என்றாள் சொர்ணம், புடவைத் தலைப்புக்குள்ளிருந்து.

கிருஷ்ணசாமி சேற்றைக் கிளறினார். உள்ளே மீன் முள், மீன் தலை, அழுகிய துண்டுகள்.

“என்ன தீனி போடறீங்க அஞ்சலாட்சி?”

“மத்தி மீனு சார். வெட்டி, மூடிவலை கண்ணி வழியா உள்ள போடுவோம். ஒரு நாளைக்கு ஒரே வேளை. ஆளுக்கு ஒரு நாளுன்னு முறை. பயிற்சி குடுத்த மேடம் அளவு சொல்லிருக்காங்க. அதுக்கு மேல ஒரு பிடி போடறதில்ல.”

“மத்தி மட்டும்தானா?”

“மத்தி மட்டும்தான்.”

அவர் பூட்டை ஆட்டிப் பார்த்தார். சாவி அஞ்சலாட்சியின் இடுப்பில் தொங்கியது. பூட்டில் கீறல்கூட இல்லை. மூடிவலையிலும் இல்லை. பாதி மீன் பூட்டின கூண்டிலிருந்து வெளியே போயிருந்தது.

“பெரிய மார்க்கெட்” என்றார் கிருஷ்ணசாமி. “மீன் எங்க போனாலும் கடைசியில அங்கதான் போகும்.”

*

பெரிய மார்க்கெட்டில் மீன் அறுக்கும் வெற்றிவேல், பேசிக்கொண்டே அறுப்பான். பேச்சை நிறுத்தினால் கத்தியும் நின்றுவிடும். அதனால் அவனிடம் வரிசையில் நிற்பவர்கள் முறை வைத்துக் கேள்வி கேட்பார்கள்.

அன்று அவன் முன்னால் கொடுவா குவிந்திருந்தது.

“முசே, வாங்க வாங்க!” என்றான். கிருஷ்ணசாமியின் தாத்தா பிரெஞ்சுக்காரன் காலத்தில் சேவகனாக இருந்தவர். அந்த ஒரே காரணத்துக்காக மார்க்கெட்டில் பாதிப் பேர் பேரனை ‘முசே’ என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள்.

“கொடுவா எங்கேருந்துப்பா?”

“அதை ஏன் கேக்கறீங்க! காத்தால ஆறரையில இருந்து ஆத்து முகத்துல ஒரே கொடுவா. தூண்டி போட்டவன், வீச்சு வலை போட்டவன், சும்மா பல்லு வெளக்கப் போனவன், எல்லாம் ஆளுக்கு ரெண்டு தூக்கிட்டு வரான். ஒருத்தன் துண்டால புடிச்சேன்றான். நம்பித்தான் ஆவணும், துண்டு ஈரமா இருந்துச்சு.”

“ஒருத்தரே மொத்தமாக் கொண்டாரலயா?”

“இல்ல முசே. இருபது முப்பது பேரு.”

கிருஷ்ணசாமி சொர்ணத்தைப் பார்த்தார். சொர்ணம் தலையை ஆட்டினாள். “திருடுனவன் முப்பது பேருக்குப் பந்தி போட மாட்டான். மீனு தானே நீந்திப் போயிருக்கு.”

“எல்லாம் ஒரே அளவு பாரு. ஆத்து மீன் அப்படி இருக்காது. மூக்கைப் பாரு.”

ஒவ்வொரு கொடுவாவின் மூக்கு நுனியிலும் வெள்ளையாகத் தோல் தேய்ந்திருந்தது.

“மூக்குக் கண்ணாடி போட்டிருந்துச்சோ?” என்றாள் சொர்ணம்.

“வலையில முட்டி முட்டி வளர்ந்த மூக்கு. நம்ம கூண்டு மீன்தான். உயிரோட வெளிய வந்திருக்கு. காலையிலேருந்து இதை வாங்கித் தின்னவங்களும் உயிரோட இருக்காங்க.”

“தின்னவங்களை விடுங்க முசே, இதுங்க தின்னதைப் பாருங்க” என்று வெற்றிவேல் ஒரு வயிற்றைக் கீறிக் காட்டினான். “மத்தி ஒரு துண்டு. நெத்திலி. காரப்பொடி மீனு. சங்கரா செவுளு. இது இறால் தலை. எல்லாம் கத்தியால வெட்டினது. இருவது வருஷமா அறுக்கறேன். ஒரே வயித்துல இத்தினி வகையா ஒரு கல்யாணப் பந்தியை நான் பாத்ததே இல்ல. இன்னைக்கு அறுத்த எல்லா வயிறும் இப்படித்தான் உப்பிக் கெடக்கு.”

கிருஷ்ணசாமி அந்த வயிற்றை வெகுநேரம் பார்த்தார். எதிர் வரிசையில் மீன்காரப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி முன்னால் நெத்திலி, ஒருத்தி முன்னால் காரப்பொடி, ஒருத்தி முன்னால் சங்கரா. ஒவ்வொருத்திக்கும் ஒரு மீன். அவர் பெருமூச்சு விட்டார். அந்த மூச்சின் நீளத்தில் வெற்றிவேல் இரண்டு மீன் அறுத்து முடித்தான்.

“அந்தக் குடலை ஒரு பையில போட்டுக் குடுப்பா.”

“யாருக்கு முசே?”

“பஞ்சாயத்துக்கு.”

*

“பூட்டு உடையல, மூடி கிழியல. அப்போ தண்ணிக்குக் கீழதான்” என்றார் கிருஷ்ணசாமி.

அவர்கள் திரும்பி வந்தபோது பெண்கள் செத்த மீனை அள்ளிப் புதைத்துவிட்டு, வலைப் பையைக் கழற்றிக் கரையில் இழுத்துப் போட்டிருந்தார்கள். வலை முழுசாகத்தான் இருந்தது. சொர்ணம் மண்டியிட்டு உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, விரலால் வலையைத் தடவிக்கொண்டே போனாள். கால் மணி நேரம் ஆனது. வழக்கமாகக் கால் நிமிஷம் பேசாமல் இருந்தாலே அவளுக்குக் காய்ச்சல் வரும்.

வலையின் கடல் பார்த்த பக்கத்தில், ஓர் ஆள் நீளத்துக்கு அவள் விரல் நின்று நின்று நகர்ந்தது.

“சார். இங்க அறுத்திருக்காங்க.”

“கிழிசல் தெரியலயே?”

“அறுத்துட்டுப் பின்னிருக்காங்க. நூலு புதுசு. தண்ணியில கையை விட்டுக்கிட்டு, இருட்டுல, ஒரு கண்ணி பெருசு ஒரு கண்ணி சிறுசுன்னு இல்லாம… எங்கப்பன்கூட இப்படிப் பின்னுவானான்னு தெரியாது.” அவள் ஒரு முடிச்சை நகத்தால் புரட்டிக் காட்டினாள். “மத்த முடிச்செல்லாம் இந்தப் பக்கம் படுத்திருக்கு. இது அந்தப் பக்கம் படுத்திருக்கு. பீச்சாங்கைக்காரன் போட்ட முடிச்சு.”

“அறுத்தவனே பின்னிட்டும் போயிருக்கான்.”

“நான் பாத்த திருடங்கள்ல, வந்த வூட்டைக் கூட்டிப் பெருக்கிட்டுப் போனவன் இவன் ஒருத்தன்தான் சார்.”

*

ஆதிமூலம் பாலத்தடியில், கவிழ்த்து வைத்த படகில் சாய்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். அறுபது வயதைத் தாண்டிய ஒல்லி உடம்பு. வலை ஊசி அவருடைய இடது கையில் இருந்தது.

கிருஷ்ணசாமி அதைப் பார்த்தார். தான் பார்த்ததை ஆதிமூலம் பார்த்துவிட்டதையும் பார்த்தார். ஊசி நின்றது.

“எத்தனை மணிக்குப் போனீங்க?”

ஆதிமூலம் ஊசியை மடியில் செருகினார்.

“மீன் மேல வந்து வாயைத் தொறந்து தொறந்து மூடுச்சு, இல்லையா?”

ஆதிமூலம் ஆற்றைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். பிறகு, யாரோ கழுத்திலிருந்து கையை எடுத்துவிட்ட மாதிரி பேசினார்.

“நாலரை இருக்கும். நண்டெல்லாம் கயித்தப் புடிச்சு ஏறி, டிரம்மு மேல உக்காந்திருந்துச்சு. நண்டு தண்ணிய வுட்டு ஏறினா அந்தத் தண்ணியில மூச்சு இல்லன்னு அர்த்தம். எட்டிப் பாத்தா, அத்தினி மீனும் மேல வந்து காத்தக் கேக்குது சார். எனக்கும் அந்தப் பொம்பளைங்களுக்கும் ஆவாது. அதுக்காக? கூப்புட்டுப் பாத்தேன், கரையில ஒருத்தரும் இல்ல. சாவி அந்த அஞ்சலாட்சி இடுப்புல. கத்திய எடுத்து அறுத்துட்டேன். பாதி போயிடுச்சு. மீதிக்கு நீந்தத் தெம்பு இல்ல.”

“அப்புறம் ஏன் பின்னினீங்க?”

அவர் கிருஷ்ணசாமியை விசித்திரமாகப் பார்த்தார். “அறுந்த வலைய அப்படியே வுட்டுட்டு வூட்டுக்கு எப்படிப் போவறது?”

“இதைப் பஞ்சாயத்துல சொன்னா முடிஞ்சுதே!” என்றார் கிருஷ்ணசாமி.

“முடிஞ்சுதான் பூடும்” என்றாள் சொர்ணம் மெதுவாக. “உங்களுக்குத் தெரியாது சார். எங்க ஆளுங்ககிட்ட அடுத்தவன் வலைய அறுக்கறதுதான் எல்லாத்தையும் விடப் பெரிய குத்தம்.”

“அறுந்த வலைய மண்டபத்துல விரிச்சுப் போடுவாங்க” என்றார் ஆதிமூலம். “அறுத்தவன் அதைத் தாண்டி நடக்கணும். அப்புறம் அவனுக்கு மட்டும் இல்ல, அவன் புள்ளைக்கும் இந்தத் துறையில படகு கட்ட எடம் கெடையாது. என் மவன் இப்பதான் புதுப் படகு எடுத்திருக்கான், ரெண்டு சின்னக் கொழந்த. விஷத்துக்குப் பழைய கட்டுப்பாடு எதுவும் இல்ல சார். விஷம் வெச்சவன்னு சொன்னா என்னோட போவும். அறுத்தவன்னு சொன்னா வூட்டோட போவும். விஷம் வெச்சவனாவே இருந்துட்டுப் போறேன். நீங்க ஒண்ணும் கண்டுபுடிக்கல.”

மூன்றரை மணி. கிருஷ்ணசாமிக்கு முப்பது வருஷத்துக் களைப்பு ஒரே சமயத்தில் வந்து தோளில் உட்கார்ந்தது. உண்மையைச் சொல்லாவிட்டால் செய்யாத குற்றத்துக்கு ஒரு மனிதன் போகிறான். சொன்னால் செய்த நல்ல காரியத்துக்கு ஒரு குடும்பமே போகிறது.

“சார், பேசாம காய்ச்சல்னு சொல்லிட்டு வூட்டுக்குப் போயிடலாம்” என்றாள் சொர்ணம். அவள் கேலி செய்யவில்லை.

*

கோயில் மண்டபத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். ஊர்த் தலைவர் கலியபெருமாள் நடுவில் இருந்தார். கரகரத்த தொண்டை, கடலில் கத்திக் கத்தித் தேய்ந்தது. ஒரு பக்கம் பன்னிரண்டு பெண்கள். எதிரே ஆதிமூலம், தனியாக. அவருடைய மகன் தூரத்துத் தூணுக்குப் பின்னால் நின்றான்.

“சொல்லுங்க சார். விஷம் வெச்சது யாரு?”

“யாருமில்ல” என்றார் கிருஷ்ணசாமி. கூட்டம் முணுமுணுத்தது. அவர் பிளாஸ்டிக் பையைத் தரையில் கவிழ்த்தார். “காத்தால ஆத்துல புடிச்ச கொடுவா வயித்துல இருந்து எடுத்தது. கூண்டு மீன்தான், மூக்கைப் பாத்தாலே தெரியும். தீனி மத்தி மட்டும்னு சொன்னாங்க. இதுல காரப்பொடி இருக்கு. நேத்து கூண்டுல காரப்பொடி போட்டது யாரும்மா?”

 ஒரு ஆட்டுக்குட்டி வந்து அந்தக் குடலை மோந்து பார்த்துவிட்டுத் தனக்குச் சம்பந்தமில்லை என்று போனது.

“ஒரு கைதான் சார்” என்றாள் பின்வரிசையில் ஒருத்தி. “வித்து மிஞ்சினது. போற வழிதானேன்னு…”

“நெத்திலி?”

“அது நானு. என் முறைக்கு முன்னாடி நாளு போடறவ கொறச்சுப் போடறாளோன்னு ஒரு சந்தேகம்.”

“யாருடி கொறச்சுப் போட்டது? நான் ரெட்டிப்பால்ல போட்டேன்!” என்றாள் அவளுக்கு முந்தினவள். சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

சங்கரா ஒத்துக்கொண்டது. இறால் தலை ஒத்துக்கொண்டது. பதினோரு பேர் முடிந்தார்கள். எல்லாரும் அஞ்சலாட்சியைப் பார்த்தார்கள். அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: “நானும்தான். தினமும். ஆடி மாசத்துல இருந்து. வாயத் தொறந்துக்கிட்டு வரும்போது எப்படி சார் சும்மா வர்றது?”

“பன்னெண்டு பேரு, பன்னெண்டு பங்கு” என்றார் கிருஷ்ணசாமி. “தின்னது போக மிச்சமெல்லாம் அடியில விழுந்து அழுகுது. மீனோட கழிவும் சேந்துக்குது. இதோட ஊர்ச் சாக்கடையும் வயல்ல போட்ட யூரியாவும் முந்தாநாள் மழையில வந்து சேந்துச்சு. வெளிய போக முகத்துவாரத்துல வழி இல்ல. ஆறு, எரு கொட்டின வயல் மாதிரி ஆயிடுச்சு. அதுல முளைச்சதுதான் அந்தப் பச்சை. வெயில் இருக்கும்போது அந்தப் பச்சை தண்ணிக்கு மூச்சு குடுக்கும். வெயில் போனா அதுவே மூச்சை இழுக்கும். அடியில அழுகறதுக்கும் மூச்சு வேணும், வயிறு முட்டத் தின்ன மீனுக்கும் கூடுதல் மூச்சு வேணும். நேத்துப் பூரா மேகம். விடியற நேரத்துல தண்ணியில ஒண்ணும் மிச்சமில்ல. அவ்வளோதான்.”

அவர் உட்காரப் பார்த்தார். கலியபெருமாள் விடவில்லை.

“அது செத்த பாதிக்குச் சரி. மீதி மீனு பூட்டின கூண்டுல இருந்து எப்படி வெளிய வந்துச்சு?”

“அதைக் கண்டுபிடிக்க என்னைக் கூப்பிடல” என்றார் கிருஷ்ணசாமி. வாழ்க்கையில் அவர் சொன்ன மிக மோசமான பொய் அதுதான். சொர்ணம் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆதிமூலம் எழுந்து நின்றார்.

“இந்தாளுக்குப் பொய் சொல்ல வராது தலைவரே, வுட்டுடுங்க. நான்தான் அறுத்தேன். மீனு மூச்சுக்குத் தவிச்சுது, அறுத்தேன்.”

மண்டபம் வெடித்தது. வயசானவர்கள் எழுந்துவிட்டார்கள். தூணுக்குப் பின்னால் மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கலியபெருமாள் கையைத் தூக்கி அமைதியாக்க வெகுநேரம் ஆனது.

“காரணம் எதுவா இருந்தாலும் அறுப்பு அறுப்புதான்” என்றார். குரலில் விருப்பமே இல்லை. “வலையைக் கொண்டாந்து விரிங்க.”

பன்னிரண்டு பெண்களும் தூக்கி வந்து விரித்தார்கள். ஈர வலை, பச்சை நாற்றத்தோடு, மண்டபத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கிடந்தது. அஞ்சலாட்சி அதன் ஓரமாக நடந்து போனாள். கடல் பார்த்த பக்கத்தில், புது நூல் மின்னிய இடத்தில் வந்து நின்றாள். குனிந்து ஒரு முடிச்சைத் தொட்டாள். அடுத்ததைத் தொட்டாள். ஒரு மீன்காரிக்கு அதைப் படிக்கத் தெரியும். அவள் முகத்தைப் பார்க்க யாராலும் முடியவில்லை.

பிறகு நிமிர்ந்தாள்.

“எங்க அறுப்பு?” என்றாள்.

“அவரே சொல்றாரேம்மா.”

“அவரு ஆயிரம் சொல்லுவாரு. அறுந்த வலைய விரிச்சாத்தான் வழக்கு. எங்க வலை இது. இதுல எங்க அறுந்திருக்குன்னு யாராவது வந்து காட்டுங்க. ஒரு கண்ணி வுட்டிருக்கா, பாருங்க.”

கலியபெருமாள் எழுந்து வந்தார். குனிந்து பார்த்தார். நாற்பது வருஷம் வலை இழுத்த கை, புது நூலின் மேல் ஒரு தடவை போய் வந்தது. முடிச்சு எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று அந்தக் கைக்குத் தெரியாமல் இருக்காது. அவர் ஆதிமூலத்தைப் பார்க்கவில்லை.

“அறுப்பு இல்ல” என்றார். “அறுப்பு இல்லாத வலைக்கு வழக்கு இல்ல. எல்லாரும் போய் வேலையப் பாருங்க.”

கூட்டம் கலைந்தது. சொர்ணம் ஸ்கூட்டியை உதைத்தாள். அது வழக்கம்போல நாலாவது உதைக்குத்தான் கிளம்பும். “கேசு குடுத்தவங்களையே குத்தவாளி ஆக்கிட்டு, அடி வாங்காமப் போறது இதான் மொத தடவை சார்.”

“பேசாம ஓட்டு. கால் வலிக்குது.”

ஆதிமூலம் தோளில் துடுப்போடு ஆற்றை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். மகன் பின்னாலேயே போனான். கொஞ்ச தூரத்தில் அஞ்சலாட்சி வேகமாக நடந்து வந்து, எட்டாத தூரத்திலேயே நின்றுகொண்டாள்.

“அண்ணே.”

அவர் நின்றார்.

“அடுத்த மாசம் மறுபடியும் குஞ்சு வுடுவோம். ஆறு இப்படியேதான் இருக்கும்போல. மறுபடியும் ஒரு நாளு விடியக்காத்தால மீனு வாயத் தொறந்தா, நாங்க யாரும் இல்லன்னா, இன்னா பண்ணுவ?”

ஆதிமூலம் திரும்பாமலே யோசித்தார்.

“அறுப்பேன்” என்றார்.

அஞ்சலாட்சி கிட்டே வந்து, இடுப்பிலிருந்து கூண்டுச் சாவியை அவிழ்த்து, அவருடைய மகனின் கையில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.